மஞ்சள் கொடி – 9: ஆபத்துக்கு விலை, ஆளுக்குத் தண்டனை

சென்ற பகுதியை 1906-ஆம் ஆண்டோடு நிறுத்தியிருந்தோம். 1905-இல் அமெரிக்கக் கால்பந்து மைதானங்களில் மாணவர்கள் சாவதைப் பொறுக்க முடியாமல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறிவதற்குச் சட்டம் வழிவிட்டது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நசுங்கிக்கொண்டிருந்த ஆட்டம் அதனால் மைதானம் முழுக்க விரிந்தது. கூடவே ஒரு புதிய ஆபத்தும் வந்து சேர்ந்தது. வெட்டவெளியில் கண்ணை வானத்தில் வைத்து, கையை உயர நீட்டி, விலா திறந்து கிடக்க ஓடிவரும் பந்து வாங்கும் வீரர் அப்போதுதான் பிறந்தார். அந்த நிலையில் அவரை எப்படித் தாக்கலாம், எப்படித் தாக்கக் கூடாது என்ற கேள்விக்குச் சட்டம் ஒழுங்காக முகம் கொடுக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

1978 ஆகஸ்ட் 12. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம். தொழில்முறை லீகில் பருவம் தொடங்குவதற்கு முன்பு நடக்கும் பயிற்சி ஆட்டம் அது. வென்றாலும் தோற்றாலும் கணக்கில் சேராது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஸ்டீவ் க்ரோகன் எறிந்த பந்து சற்று உயரப் போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தார் 26 வயது டேரில் ஸ்டிங்லி. பந்து கைக்கு வரவில்லை. எதிரே வந்த ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் ஜாக் டேட்டமின் தோள், தாழ்ந்து வந்த ஸ்டிங்லியின் தலைக்கவசத்தில் மோதியது. கழுத்தெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு ஸ்டிங்லி நடக்கவேயில்லை. 2007-இல் தம் 55-ஆம் வயதில் இறக்கும்வரை சக்கர நாற்காலியில் வாழ்ந்தார்.

விதிமீறலைக் குறிக்கும் மஞ்சள் கொடியை நடுவர்கள் எறியவில்லை. எறிவதற்குச் சட்டத்தில் இடமில்லை. லீக் அபராதம் போடவில்லை, ஒரு கண்டனம்கூடச் சொல்லவில்லை. எதிரணிப் பயிற்சியாளரான ஜான் மேடன் மருத்துவமனைக்குப் போய்ப் போய் ஸ்டிங்லியின் கட்டில் அருகே உட்கார்ந்தார். டேட்டமும் ஸ்டிங்லியும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. இரண்டு ஆண்டுகளில் டேட்டம் வெளியிட்ட சுயசரிதைக்கு, தம்மை எல்லோரும் கொலையாளி என்று அழைப்பதையே தலைப்பாக்கிக்கொண்டார். 1996-இல் தொலைக்காட்சி ஒன்று இருவரையும் சந்திக்கவைக்க ஏற்பாடு செய்தது. அது டேட்டமின் இன்னொரு புத்தகத்துக்கு விளம்பரம் என்று தெரிந்ததும் ஸ்டிங்லி மறுத்துவிட்டார்.

டேட்டம் குற்றவாளியா? ஆட்டத்துக்கு வெளியே அவர் நடந்துகொண்ட விதத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த மோதலுக்காக அவரைக் கூண்டில் ஏற்றுவதையும் ஏற்க முடியாது. அந்தச் சட்டப் புத்தகம் அனுமதித்ததை, அவருடைய முதலாளி எதற்காகச் சம்பளம் கொடுத்தாரோ அதை, அவர் செய்தார். பந்தைப் பிடிக்க வருபவரின் மனதில் பயத்தை விதைப்பதே அவர் ஆடிய இடத்துக்குரிய வேலையாக அன்று கருதப்பட்டது. முதல் குற்றம் அந்த வேலையை வகுத்துக் கொடுத்தவர்களுடையது. இந்த அத்தியாயம் முழுக்க நாம் பார்க்கப்போவதும் இதைத்தான்: தலையில் விழும் அடிக்கு யார் விலை கொடுக்கிறார்கள், யார் கொடுக்காமல் தப்புகிறார்கள்.

விந்தை என்னவென்றால், ஸ்டிங்லி விழுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கல்லூரி, உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் சட்டம் மாறிவிட்டிருந்தது. அதன் கதை தலைக்கவசத்திலிருந்து தொடங்குகிறது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 1943-இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தோல் போய் கடினமான பிளாஸ்டிக் வந்தது. 1950-களில் முகத்துக்குக் கம்பி வலை வந்தது. மூக்கு உடையும் என்ற பயம் போனதும் வீரர்கள் தலையை முன்னே விட்டுப் பாயக் கற்றுக்கொண்டார்கள். பயிற்சியாளர்களே அப்படிக் கற்றுக்கொடுத்தார்கள். 1968-இல் மட்டும் அமெரிக்கா முழுவதும் ஆட்டத்தில் ஏற்பட்ட காயங்களால் 36 பேர் இறந்தார்கள். காக்க வந்த கவசம் ஆயுதமாகியிருந்தது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜோசப் டோர்க், கழுத்து முறிந்து கைகால் விளங்காமல் போன வீரர்களின் காயங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். காரணம் தெளிவாக இருந்தது. நிமிர்ந்த கழுத்தில் இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. அடி விழுந்தால் அது வளைந்து கொடுக்கும். தலையைக் குனிந்து உச்சியால் முட்டும்போது அந்த வளைவு மறைந்து கழுத்து நேர்கோடாகிவிடுகிறது. பின்னால் ஓடிவரும் உடம்பின் எடை முழுவதும் அந்த எலும்புகளில் இறங்குகிறது. 1976-இல் கல்லூரிகளும் பள்ளிகளும் தலையால் முதலில் மோதுவதைத் தடை செய்தன. அந்த ஆண்டு 34 பேருக்கு முடக்கம் நேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு அது 18 ஆயிற்று, 1984-இல் 5. ஒரு வரிச் சட்டம் இத்தனை இளைஞர்களை நாற்காலியில் உட்காராமல் காத்ததற்கு விளையாட்டு வரலாற்றில் வேறு சான்றுகள் அதிகம் இல்லை.

இதில் வாசகர்கள் மனதில் நிறுத்தவேண்டிய ஒன்று உண்டு. அப்படிக் கழுத்து முறிந்தவர்களில் பெரும்பாலோர் தாக்கப்பட்டவர்கள் அல்லர், தாக்கியவர்கள். 2010 அக்டோபர் 16 அன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியின் 20 வயது எரிக் லெக்ராண்ட், ஆர்மி அணி வீரரைத் தடுக்கத் தலை தாழ்த்திப் பாய்ந்தார். விழுந்தவர் எழவில்லை, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. எனவே தலை மோதலுக்கான தண்டனையை, மென்மையானவரைக் காக்க முரடரை ஒடுக்கும் ஏற்பாடு என்று பேசுவது தவறு. இரண்டு கழுத்துகளையும் அது காக்கிறது. தண்டிக்கப்படுபவரும் பயனடைகிறார் என்பதுதான் இந்தச் சட்டத்துக்கு உள்ள முதல் நியாயம்.

தொழில்முறை லீக் மெதுவாகவே அசைந்தது. தலைக்கவசத்தால் முட்டுவதை 1979-இல் தடை செய்தார்கள். ஆனால் ஸ்டிங்லியை முடக்கிய தோள் அந்தச் சொற்களுக்குள் அடங்காது. 2002-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பழைய நட்சத்திரம் மைக் வெப்ஸ்டர் மனம் சிதைந்து 50 வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப விழுந்த அடிகளால் வந்த சி.டி.இ. என்னும் சிதைவு அதில் இருப்பதை 2005-இல் மருத்துவ இதழில் எழுதினார். லீகின் மருத்துவக் குழு அதை மறுத்தது. 2009-இல்தான், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையிலுள்ள பந்து வாங்குபவரின் தலையைக் கவசத்தாலோ முன்கையாலோ தோளாலோ தாக்கினால் 15 யார்டு தண்டனை என்ற விதி முழு வடிவம் பெற்றது.

மறு ஆண்டு, லெக்ராண்ட் விழுந்ததற்கு அடுத்த நாள், 2010 அக்டோபர் 17 அன்று பிட்ஸ்பர்கில் நடந்தது இந்தப் பிரச்சினையின் கருவையே திறந்து காட்டியது. ஸ்டீலர்ஸ் அணியின் ஜேம்ஸ் ஹாரிசன் அன்று கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் வீரர்கள் இருவரைத் தாக்கினார். ஒருவர் ஜோஷ் கிரிப்ஸ். கல்லூரியில் ஹாரிசனுடன் ஒரே அணியில் ஆடியவர். இன்னொருவர் முகமது மசகோய். இருவருக்கும் மூளையதிர்ச்சி. இரண்டும் தலையில் விழுந்த அடிகள். இரண்டுக்கும் கொடி விழவில்லை. ஆனால் பிறகு லீக் கணக்குப் பார்த்தபோது கிரிப்ஸ் மீது விழுந்தது சட்டத்துக்கு உட்பட்டது என்றும், மசகோய் மீது விழுந்தது குற்றம் என்றும் தீர்ப்பு வந்தது. கிரிப்ஸ் பந்தைக் கையில் வைத்து ஓடிக்கொண்டிருந்தார். மசகோய் பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இருந்தார். வேறுபாடு அவ்வளவே. இரண்டாவதற்கு ஹாரிசனுக்கு 75,000 டாலர் அபராதம். அதே ஞாயிறன்று வேறு ஆட்டங்களில் இப்படித் தாக்கிய டன்டா ராபின்சன், பிராண்டன் மெரிவெதர் ஆகியோருக்குத் தலா 50,000.

ஹாரிசன் ஆட்டத்தையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார், பிறகு திரும்பினார். அவர் இனிமையான மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் பக்கம் இருந்த நியாயத்தைச் செவிமடுக்க வேண்டும். முந்தைய வாரம்வரை அதே அடிக்கு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அபராதம் அறிவிக்கப்பட்ட வேளையில்கூட, அந்த மோதலின் புகைப்படம் லீகின் சொந்தக் கடையில் விற்பனையில் இருந்தது. செய்தி வெளிவந்த பிறகே அதை நீக்கினார்கள். சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறாமல், பருவத்தின் நடுவே, ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அதிர்ச்சியால் அபராதத் தொகை உயர்ந்தது. கடுமை தேவைதான். முன்கூட்டிச் சொல்லாமல் வரும் கடுமையை நீதி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2011 டிசம்பர் 8 அன்று ஹாரிசன் மீண்டும் பிரவுன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காயைத் தலைக்கவசத்தால் மோதினார். ஒரு ஆட்டம் இடைநீக்கம். தலை மோதல் விதியின் கீழ் அப்படித் தண்டிக்கப்பட்ட முதல் வீரர் அவரே. அது சரியான தண்டனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று இரண்டு தவறுகள் நடந்தன. அடி வாங்கிய மெக்காயை, மூளையதிர்ச்சிக்கான பரிசோதனை செய்யாமலே, சில நிமிடங்களில் மறுபடி மைதானத்துக்குள் அனுப்பினார்கள். அவருடைய தந்தை வெளிப்படையாகக் கொதித்துப் பேசினார். அதன் பிறகு, மேலிருந்து கண்காணிக்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவரை லீக் நியமித்தது; நல்ல மாற்றம். ஆனால் மெக்காயை உள்ளே அனுப்பிய அணி நிர்வாகத்துக்குத் தண்டனை எதுவும் இல்லை. அடித்தவருக்குச் சம்பளம் போயிற்று, அடிபட்ட மூளையை இரண்டாம் முறை பணயம் வைத்தவர்களுக்கு எதுவும் போகவில்லை.

கல்லூரி ஆட்டத்தின் பாதை வேறு. மாணவ வீரர்களுக்கு அன்று சம்பளம் கிடையாது. படிப்பு உதவித்தொகை மட்டுமே. அபராதம் வசூலிக்க வழியில்லாத இடத்தில், ஆடும் நேரத்தைப் பறிப்பது ஒன்றே தண்டனையாக மிஞ்சியது. டார்கெட்டிங் என்ற பெயரில் 2008-இல் வந்த விதிக்கு 2013-இல் வெளியேற்றம் சேர்க்கப்பட்டது: 15 யார்டு, கூடவே ஆட்டத்திலிருந்து நீக்கம், பிற்பாதியில் நடந்தால் அடுத்த ஆட்டத்தின் முற்பாதியும் போகும். முதல் ஆண்டில் ஒரு கொடுமை இருந்தது. வீடியோ பார்த்த நடுவர் குற்றம் நடக்கவில்லை என்று சொன்னால் வீரர் ஆடலாம், ஆனால் 15 யார்டு தண்டனை அப்படியே நிற்கும். செய்யாத குற்றத்துக்கு அணி தண்டம் கட்டியது. 2014-இல் அதைத் திருத்தினார்கள். ஐயமிருந்தால் களத் தீர்ப்பே நிற்கும் என்ற பழைய வழக்கத்தையும் 2019-இல் விட்டார்கள். ஒவ்வொரு கூறும் வீடியோவில் உறுதியானால் மட்டுமே வெளியேற்றம்.

இருந்தும் ஓட்டை அடைபடவில்லை. 2018 அக்டோபர் 20 அன்று லூசியானா ஸ்டேட் அணியின் டெவின் வைட், மிசிசிப்பி ஸ்டேட் குவார்ட்டர்பேக்கைப் பிற்பாதியில் மோதியதற்காக நீக்கப்பட்டார். வேண்டுமென்றே செய்ததாகக் கடும் எதிரிகளும் சொல்லத் தயங்கிய மோதல் அது. அடுத்த ஆட்டம் அந்த ஆண்டின் பெரிய ஆட்டம், அலபாமாவுக்கு எதிராக. அதன் முற்பாதியில் அவர் உட்கார வேண்டியதாயிற்று. லூசியானாவில் அவரை விடுவிக்கச் சொல்லி விளம்பரப் பலகைகள் எழுந்தன. பில் கிளிண்டனின் தேர்தல் ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் கார்வில், சதி நடந்ததாகவே எழுதினார். சதி என்பது மிகை. மேல்முறையீடு செய்ய வழியே இல்லை என்பதுதான் உண்மையான குறை. அந்த வழி, அதுவும் பிற்பாதி நீக்கங்களுக்கு மட்டும், 2022-இல்தான் திறந்தது. அலபாமாவிடம் லூசியானா அணி 0–29 என்று தோற்றது.

இன்னும் இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2019 டிசம்பர் 28, தேசிய அரையிறுதி. ஒஹையோ ஸ்டேட் 16–0 என்று முன்னணியில். அதன் ஷான் வேட், கிளெம்சன் குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்சை மடக்கப் பாய்ந்தார். கடைசி நொடியில் லாரன்ஸ் குனிந்தார்; தலைகள் மோதின. களத்தில் கொடி இல்லை. மேலே வீடியோ பார்த்தவர்கள் டார்கெட்டிங் என்றார்கள். வேட் வெளியேறினார், முடியவேண்டிய கிளெம்சனின் வாய்ப்பு உயிர் பெற்று டச்டவுனில் முடிந்தது. ஆட்டம் 29–23 என்று கிளெம்சன் பக்கம் போயிற்று. 2025 ஜனவரி 1, தேசியக் காலிறுதி. டெக்சஸ், அரிசோனா ஸ்டேட் இரண்டும் 24–24. கடைசி நிமிடங்களில் டெக்சஸ் அணியின் மைக்கேல் டாஃப், பந்தைப் பிடித்த மெல்க்வான் ஸ்டோவலை மோதினார்; கவசத்தில் கவசம். வீடியோ பார்த்தவர்கள் குற்றமில்லை என்றார்கள். அரிசோனா ஸ்டேட் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டாம் கூடுதல் நேரத்தில் 31–39 என்று தோற்றது. ஒரே விதி, இரண்டு முறையும் மெதுவாக ஓட்டிப் பார்க்க வசதி, எதிரெதிரான இரண்டு முடிவுகள். இரண்டையும் பலமுறை பார்த்திருக்கிறேன். குனிந்துவந்த தலையில் மோதிய வேடுக்குத்தான் அதிக மன்னிப்பு கிடைத்திருக்க வேண்டும் என்பது என் முடிவு.

தொழில்முறை லீகில் இதற்கு நேர்மாறான அநீதி. அங்கே தண்டனை பெரும்பாலும் ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ் நகரில் இறுதிக்கு முந்தைய ஆட்டம். 20–20, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் நிக்கெல் ரோபி-கோல்மன், பந்து வந்து சேருமுன்பே செயின்ட்ஸ் அணியின் டாமிலீ லூயிஸைக் கவசத்தோடு மோதித் தள்ளினார். எந்தக் கொடியும் விழவில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26–23 என்று வென்று சூப்பர் பவுலுக்குப் போனது. சில நாட்களில், அது தலை மோதல் குற்றமே என்று ஒப்புக்கொண்டு ரோபி-கோல்மனுக்கு லீக் 26,739 டாலர் அபராதம் போட்டது. வீரருக்குப் பணம் போயிற்று. பாதிக்கப்பட்ட அணிக்கு ஒரு யார்டுகூடத் திரும்பி வரவில்லை.

2017 டிசம்பர் 4 அன்று சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்டீலர்ஸ் வீரர் ரையன் ஷேசியர் தலை தாழ்த்திப் பாய்ந்து முதுகுத் தண்டில் காயமடைந்தார். அவரைத் தூக்கிச் சென்ற பிறகும் அதே ஆட்டத்தில் தலை மோதல்கள் தொடர்ந்தன. ஸ்டீலர்ஸ் அணியின் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டருக்கும் சின்சினாட்டியின் ஜார்ஜ் ஐலோகாவுக்கும் தலா ஒரு ஆட்டம் இடைநீக்கம். மேல்முறையீட்டில் ஐலோகாவுக்கு அது அபராதமாகக் குறைந்தது, ஸ்மித்-ஷூஸ்டருக்கு நிலைத்தது. பின்னவர் விழுந்தவரின் மேலே நின்று எள்ளினார் என்பது உண்மை. எள்ளலைத் தண்டிக்கட்டும், ஆனால் மூளைக்கு நேர்ந்த ஆபத்தை அளக்கும்போது எள்ளலை எடைக்கல்லாக வைப்பது எப்படிச் சரியாகும்? அடுத்த ஆண்டு, யார் தலையைத் தாழ்த்தி மோதினாலும், பந்தோடு ஓடுபவரே ஆனாலும், குற்றம் என்று விதி விரிந்தது. 2018-இன் பயிற்சி ஆட்டங்களில் கொடிகள் மழையாகப் பொழிந்தன. எதிர்ப்பு கிளம்பியது. பருவம் தொடங்கியதும் அந்தக் கொடிகள் அரிதாகிவிட்டன. விதி எழுத்தில் இருபுறமும் சமம். ஓடுபவர்மேல் கொடி விழுவதைக் காண்பது இன்றும் அபூர்வம்.

வெப்ஸ்டர் எந்த இடத்தில் ஆடியவர் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். அவர் சென்டர். பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே நிற்பவரை ஒவ்வொரு முறையும் தலையோடு தலை மோதித் தடுப்பவர். அந்த மோதல்கள் எதுவும் அரங்கத்தை அதிரவைக்காது, கொடியும் விழாது. போஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆராயப்பட்ட 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. இருந்தது. சந்தேகம் கொண்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை என்பதால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. ஆனால் சிறு சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே முக்கியக் காரணம் என்பதை ஆய்வுகள் மேலும் மேலும் உறுதி செய்கின்றன. மஞ்சள் கொடி கண்ணுக்குத் தெரியும் அடியை மட்டுமே தண்டிக்கிறது. அதற்காகக் கொடியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கொடியைக் காட்டி, மீதிக்குப் பொறுப்பில்லை என்று லீகுகள் ஒதுங்குவதைத்தான் ஏற்க முடியாது.

நூறாண்டுக் கதையைப் படித்தபின் என் தீர்ப்பு இது. 15 யார்டு, ஆபத்துக்கான விலை. தலையில் மோதல் நடந்தால், நோக்கம் என்ன, எதிரி குனிந்தாரா என்றெல்லாம் கேட்காமல் அது விழட்டும். காயம் ஏற்பட்டதா என்றும் பார்க்க வேண்டாம். வெளியேற்றமும் இடைநீக்கமும் ஆளைப் பற்றிய தீர்ப்புகள். வேறு வழி இருந்தும் தலையைக் குறிவைத்தவருக்கு மட்டுமே அவை உரியவை. கூடைப்பந்தில் கடும் ஃபவுலை இரண்டு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் பலர் தங்கள் ஆட்டத்துக்கும் அதையே கேட்டார்கள். டெவின் வைட்டுக்கும் ஷான் வேடுக்கும் யார்டு போதுமானது. வீரர் ஒரே பருவத்தில் மறுபடி மறுபடி தலையைக் குறிவைத்தால் அவருடைய பயிற்சியாளரும் அந்த வாரம் மைதானத்துக்கு வெளியே நிற்கட்டும்.

(அடுத்த பகுதியில்: ஓய்வுபெற்ற வீரர்கள் லீகின்மேல் தொடுத்த வழக்கும் 2013-இன் 76.5 கோடி டாலர் உடன்பாடும்)